ஒரு நாள் வாடகைக்கு எத்தனை மணி நேரம்?

திருப்பதியில் ரூம் வாடகை எவ்வளவு என்று யாராவது என்னிடம் கேட்டால், எந்தக் கிழமை, எத்தனை பேர், வெந்நீர் குழாயிலா வாளிக் கணக்கிலா என்று திருப்பிக் கேட்பேன். அதனாலேயே எங்கள் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார்கள். புத்தூரில் நான் இருக்க, பக்கத்திலிருக்கும் திருப்பதிக்கு, சென்னையிலிருக்கும் மருமகனிடம் போனில் விசாரித்துக்கொண்டு போகிறார்கள்.

விலைவாசிப் புள்ளிவிவரம் சேகரிக்கும் அரசு அலுவலகத்தில் களப்பணியாளராக வேலை பார்த்தேன். மாதா மாதம் அதே கடைக்குப் போய், அதே பொருளின் விலையைக் கேட்டு எழுத வேண்டும். அப்படி ஊர் ஊராக எழுதி அனுப்புவதை எல்லாம் சேர்த்துத்தான் விலைவாசிக் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். பஞ்சப்படி ஏறுவதும் ஏறாததும் அதைப் பொறுத்தது. அரிசி, பருப்பு, செருப்பு எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் அதிக காலம் என் பங்குக்கு வந்தவை லாட்ஜுகளும் ஹோட்டல்களும்தான்.

என் பழைய இடத்தில் இப்போது உட்காரும் ஹேமலதா போன மாதம் போன் செய்தாள்.

"அக்கா, இனிமே லாட்ஜுக்கெல்லாம் போவ வேணாமாம். ரூம் புக் பண்ற வெப்சைட்ல இருந்து ரேட்டு தானா வந்துடுதாம்."

"நல்லதுதானே. வெயில்ல அலைய வேணாம்."

"நல்லதுதான். ஆமா, உங்க காலத்துல ஒரு லாட்ஜ் விஷயத்துல பெரிய கலாட்டா ஆச்சாமே? இன்னும் ஆபீஸ்ல பேசிக்கறாங்க. இன்னாக்கா அது?"

அது பழைய கதை என்று சொல்லி மழுப்பிவிட்டேன். போனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை. காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன்; துணியை எடுக்காமலே இறங்கி வந்தேன். இரண்டு நாள் இப்படியே போனது. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நகரிப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. வேலைக்கு உத்தரவு வந்தபோது எங்கள் நைனா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வெல கேக்கறதுக்கு சம்பளமா? சந்தையில ஜனங்க சும்மாவேதானே கேக்கறாங்க?" என்றார். ஹைதராபாதில் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் என் மனதில் நின்றது ஒன்றுதான்: போன மாதம் எதன் விலையை எழுதினாயோ, இந்த மாதமும் அதன் விலையையே எழுது. நாட்டுத் தக்காளிக்குப் பதில் சீமைத் தக்காளியை எழுதிவிட்டு விலை ஏறிவிட்டது என்று சொல்லாதே.

தக்காளிக்கு அது சுலபம். லாட்ஜ் ரூமுக்குச் சுலபமில்லை. போன மாதம் மின்விசிறி மட்டும் இருந்த அறையில் இந்த மாதம் டிவி வந்திருக்கும். வாடகையும் ஏறியிருக்கும். அந்த ஏற்றத்தில் டிவிக்கு எவ்வளவு, விலைவாசிக்கு எவ்வளவு? சில நேரம் வாடகை அப்படியே இருக்கும். சோப்பும் துண்டும் காணாமல் போயிருக்கும். அதுவும் விலையேற்றம்தான். போர்டைப் பார்த்தால் தெரியாது. படியேறிப் போய், கதவைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஒரு பெண் அதைச் செய்வது அந்த நாளில் எப்படி இருந்தது என்று ஹேமலதாவுக்குத் தெரியாது. நான் முதன்முதலில் நுழைந்தது ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு லாட்ஜ். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்லம்மா."

"எனக்கு ரூம் வேணாங்க. வாடகை தெரிஞ்சா போதும்."

"ரூம் வேணாம், வாடகை மட்டும் வேணுமா? வேற எதுனா லாட்ஜ்ல வெல பேசிக்கினு வந்தியா?"

அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. வரிக்காரி என்று நினைத்துவிட்டார். உடனே பாதி வாடகையைச் சொன்னார். இரண்டு நினைப்பும் எனக்கு ஆகாதவை. என்னைக் கண்டு பயப்பட்டாலும் பொய் வரும், கேவலமாக நினைத்தாலும் பொய் வரும். அதனால் எல்லா லாட்ஜிலும் ஒரே வாக்குக் கொடுத்தேன்: "நாங்க டாக்ஸ் இல்ல, போலீஸ் இல்ல. கேக்கறோம், எழுதறோம், அவ்வளவுதான். உங்க லாட்ஜ் வெல இன்னொருத்தர் காதுக்குப் போவாது." அலுவலக விதியும் அதுதான். ஒரு தனிக் கடையின் விலையை வெளியாருக்குச் சொல்லக் கூடாது. அந்த வாக்கை நம்பித்தான், மெல்ல மெல்ல, கதவுகள் திறந்தன.

என் அதிகாரி நரசிம்முலு சார் கர்னூல் பக்கத்துக்காரர். தெலுங்குக்காரர் என்றாலும் என்னோடு தமிழில்தான் பேசுவார். இருபது வார்த்தைக்கு ஐந்து தெலுங்கு விழும். நாங்கள் கொண்டுவரும் விலைத்தாளை உட்கார்ந்து படிக்கவே மாட்டார். செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் விட்டுவிட்டு, ஜன்னலோரம் நின்று, தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு படிப்பார். திட்டியதே கிடையாது. ஒரு விலையில் சந்தேகம் வந்தால், "விஜயம்மா, டீ செப்பனா?" என்று கேட்பார். டீ குடித்துவிட்டு மறுபடி அந்தக் கடைக்கே போய் விசாரித்து வா என்று அர்த்தம். எங்கள் அலுவலகத்தில் அவர் வாங்கிக் கொடுத்த டீயை யாரும் ருசித்துக் குடித்ததில்லை.

லாட்ஜ் விலைக்கு அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. "இந்த வெலைக்கி யாரு படுத்தாங்க?"

போர்டில் இருப்பதை எழுதாதே, மேனேஜர் சொல்வதையும் எழுதாதே, நேற்று அந்த அறையில் படுத்தவர் கொடுத்ததை எழுது என்பார். தடா என்ற ஊரில் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. அங்கே நெடுஞ்சாலை ஓரம் ஒரு லாட்ஜ். லாரிக்காரர்களும், சென்னைக்குக் கார் ஓட்டிப் போகிற குடும்பங்களும் தங்குவார்கள். பக்கத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகள் வந்த புதிதில், அந்த லாட்ஜின் வாடகை மட்டும் மாதக் கணக்கில் அசையவே இல்லை. சுற்றிலும் இட்லி விலை முதல் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. சார் டீ சொன்னார். நான் மறுபடி பஸ் பிடித்தேன்.

இந்த முறை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நான் விலை எழுதிக்கொண்டிருந்த அறையில் கட்டில் மேல் கட்டிலாகப் போட்டிருந்தார்கள். கம்பெனிப் பிள்ளைகள். இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் தூங்க, மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். லாட்ஜ் முழுவதையும் ஒரு கம்பெனி மாத வாடகைக்கு எடுத்துவிட்டது.

"பின்ன ஏங்க ஒரு நாள் வாடகை சொல்லிக்கினு இருந்தீங்க?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"நீங்க போர்டு வெல கேட்டீங்க, போர்டு வெல சொன்னேன். ரூம் இருக்குதான்னு நீங்க கேக்கலியே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. விற்பனைக்கே இல்லாத பொருளுக்கு விலை இருந்துகொண்டிருந்தது. சாரிடம் சொன்னதும் அந்த லாட்ஜை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்க்க எழுதினார்.

இனி ஹேமலதா கேட்ட கதை.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் சின்னச் சின்ன லாட்ஜுகள் உண்டு. அங்கே தங்குகிறவர்கள் சாமி கும்பிட வந்தவர்கள் அல்ல. நோயாளிகளும், துணைக்கு வந்தவர்களும்தான். அதில் ஒரு லாட்ஜின் மேனேஜர் சீனு எங்கள் நகரிப் பக்கத்துத் தமிழர். நான் போனால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். "இந்த மாசமும் ஏத்தலக்கா. ஆஸ்பத்திரி ஜனங்க வயித்துல அடிக்கக் கூடாதுன்னு ஓனரு சொல்லிட்டாரு." அந்த ஓனர் பிறகு லாட்ஜை விற்றுவிட்டார். வாங்கிய புதியவரும் வாடகையை ஏற்றவில்லை.

அவர் வாங்கிய அடுத்த மாதம் நான் போனபோது பகல் வேளை. வரவேற்பு மேஜைக்கு முன்னால் ஒரு பெண், பாய்ச்சுருட்டலும் தூக்குச்சட்டியுமாக நின்றிருந்தாள். வாசற்படியில் அவள் புருஷன் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சத்தியவேட்டுப் பக்கம், கூலி வேலைக்குப் போகிற குடும்பம். அவள் பெயர் தேசம்மா, அவர் முனிரத்தினம். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

"நேத்து வெளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான வந்தோம்? ஒரு நாள் வாடகை குட்த்தேனே. பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணுன்னா எப்டிப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு மணிக்கு காலி பண்ணணும்மா. இல்லன்னா இன்னொரு நாள் வாடகை. போர்டுல எழுதிக்குது பாரு" என்றார் சீனு.

பார்த்தேன். வாடகைப் போர்டு பழையது. அதன் கீழே புதிதாக ஒரு வரி ஒட்டியிருந்தது. இத்தனை காலம் அந்தத் தெருவில் ஒரு நாள் என்றால் சாவி வாங்கின நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் புறநோயாளிப் பிரிவில் பகலெல்லாம் நின்று, நாளைக்கும் கட்டுக்கட்ட வா என்று டாக்டர் சொன்ன பிறகு, சாயங்காலம்தான் ரூம் தேடி வருவார்கள். பன்னிரண்டு மணி என்று ஆக்கிவிட்டால் அவர்களுக்கு ஒரு நாள் முக்கால் நாளாகிவிடும். வாடகையை ஒரு பைசா ஏற்றாமல் ஏற்றியிருந்தார்கள்.

"சீனு, அவருக்குக் கால்ல புண்ணு. சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டுமே."

சீனு என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓனர் ஆர்டர்க்கா. நீங்க வெல கேக்க வந்தீங்க. வெல அதேதான், எழுதிக்கங்க."

என் அட்டையை எடுத்து மேஜையில் வைத்திருந்தால் காரியம் நடந்திருக்கும். சர்க்கார் என்றால் பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் கேட்கிறோம், எழுதுகிறோம், அவ்வளவுதான் என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்தது அன்றோடு முடிந்துபோகும். அட்டையைத் தொடவில்லை. வெளியே வந்தேன்.

தேசம்மா படியில் இறங்கி, "இந்தா, எந்திரி" என்று புருஷனைத் தூக்க முயன்றாள். "எங்க போறது?" என்றார் அவர். "மரத்தடி எதுனா பாக்கலாம் வா" என்றாள்.

அந்தத் தெருவில் எந்த லாட்ஜில் உண்மையில் என்ன வாங்குகிறார்கள், எங்கே எத்தனை மணி நேரம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மக்களுக்காகச் சேகரிக்கிற விலை அது. மக்களில் ஒருத்திக்குச் சொல்லக் கூடாது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே என் கை அந்தப் பாய்ச்சுருட்டலை எடுத்துவிட்டது.

"மூலையில ஒரு லாட்ஜ் இருக்குதும்மா. அங்க இன்னும் இருபத்துநாலு மணி நேரம்தான். வா" என்றேன்.

அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். சீனு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்துக்கு வந்து விலைத்தாள் எழுதினேன். வாடகை மாறவில்லை, நேரம் குறைந்துவிட்டது. நேரக் குறைப்பையும் விலையேற்றமாகக் கணக்கிட வேண்டும் என்று குறிப்பு வைத்தேன். சார் ஜன்னலோரம் நின்று படித்தார். "நூன் டைம்ல வர்றவனுக்கு ஏத்தம் லேதுகதா, இல்லியே? சாயந்திரம் வர்றவங்க எவ்ளோ பேருன்னு தெரியணும்" என்றார். அந்த வாரம் பக்கத்து மருந்துக்கடையிலும் டீக்கடையிலும் நின்று, தங்கினவர்களை விசாரித்தேன். அநேகமாக எல்லோருமே சாயங்காலம் வந்தவர்கள். அதையும் எழுதிச் சேர்த்தேன்.

தாள் மேலிடத்துக்குப் போவதற்கு முன்னால் அந்த ஓனரிடமிருந்து புகார் வந்துவிட்டது. உங்கள் ஊழியர் எங்கள் லாட்ஜ் வாடிக்கையாளர்களை வேறு லாட்ஜுக்குக் கூட்டிப்போய் கமிஷன் வாங்குகிறார் என்று. பஸ் நிலையத்தில் யாத்திரிகர் கையைப் பிடித்து இழுக்கிற தரகர்களோடு என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

சார் யாரையும் அனுப்பவில்லை. தானே மூலை லாட்ஜுக்கு நடந்து போனார். முனிரத்தினமும் தேசம்மாவும் அங்கேதான் இருந்தார்கள். போனவர் தேசம்மாவிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். அவள் கோபப்பட்டுவிட்டாளாம்.

"கமிஷனா? அந்தம்மா எங்க பாயைத் தூக்கிக்கினு வந்தாங்க சார். ஒரு டீத்தண்ணி கூட எங்க கையால குடிக்கல. எவன் சொன்னான், கூட்டிக்கினு வா இங்க!"

திரும்பி வந்து இதைச் சொல்லும்போது சார் சிரித்தார். கமிஷன் பேச்சு அத்தோடு போயிற்று. ஆனால் இன்னொன்று நின்றது. ஒரு லாட்ஜின் விவரத்தை வெளியாருக்குச் சொன்னேனா, இல்லையா? விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் ஹெட் கிளார்க் என் மேல் பிரியமுள்ளவர். அவரே எனக்காக ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தார்: 'நேரத்தை மட்டுமே தெரிவித்தேன். விலை எதையும் தெரிவிக்கவில்லை.' நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் சார் கூப்பிட்டார். ஒரு கையில் என் விலைத்தாள், மறு கையில் என் விளக்கம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"விஜயம்மா, இதுல டைம் கூட வெலதான்னு ராஸ்திருக்க, எழுதியிருக்க. அதுல டைம்தான் சொன்னேன், வெல சொல்லலேன்னு ராஸ்திருக்க. ரெண்டும் உன் சந்தகம், உன் கையெழுத்து. ரெண்டும் நிஜமா இருக்க முடியாது."

இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்த விளக்கத்த அனுப்பினா உனக்கு ஒண்ணும் காது, ஒண்ணும் ஆவாது. ஆனா இந்த விலைத்தாள நான் கிழிச்சுடணும். விலைத்தாள் போகணும்னா, இத நீ வாபஸ் வாங்கணும். யோசன பண்ணு."

"நீங்களா இருந்தா இன்னா செய்வீங்க சார்?"

"நான் உன் சீட்ல லேனேமா, இல்லியே."

அலுவலக வாசலில் ஒரு புங்கமரம். அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எனக்குப் பதவி உயர்வு வர வேண்டிய வருஷம். பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். என்னைச் சித்தூருக்குத் தூக்கிப் போட்டால் விடியுமுன் கிளம்ப வேண்டும். ஒரு சின்ன லாட்ஜ், ஊர் பேர் தெரியாத தெரு. அதன் விலையேற்றத்தை எழுதாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வாடகை ஏறவில்லை என்று என் கையால் எழுதினால், தேசம்மாவுக்கு அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். அவள் பாயோடு மரத்தடி தேடியது கணக்கிலேயே வராது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே போய், விளக்கத்தை வாங்கிக் கிழித்துவிட்டு, வேறு எழுதினேன். 'நேரத்தைச் சொன்னேன். நேரமும் விலைதான்.' அவ்வளவுதான் எழுதினேன். சார் இரண்டு முறை படித்துவிட்டு, இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

விலைத்தாள், மேலிடத்திலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி வந்த பிறகு, ஏற்கப்பட்டது. விளக்கமும் ஏற்கப்பட்டது. எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருஷம் இன்க்ரிமென்ட் நிறுத்தம், சித்தூருக்கு மாற்றல். அந்த மாதக் குறியீடு வந்தபோது எடுத்துப் பார்த்தேன். கடலில் கரைத்த பெருங்காயம். ஒரு புள்ளிகூட அதனால் நகர்ந்திருக்காது.

மாற்றலில் போகிற வாரம் பஸ் நிலையத்தில் தேசம்மாவைப் பார்த்தேன். புருஷன் கோலை ஊன்றி நின்றிருந்தார். "ரெண்டு வெரல எடுத்துட்டாங்கம்மா. காலு தப்பிச்சிடுச்சி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்களால உனக்கு எதுனா ஆச்சா?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினேன்.

அதன் பிறகு நிறைய வருஷம் சித்தூர் மார்க்கெட், மறுபடி திருப்பதி, பிறகு ஓய்வு. பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. அதே ஆஸ்பத்திரி. உள்ளே சேர்த்துக்கொண்டு என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. அதே தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு லாட்ஜுக்குள் போனேன். கணினிக்கு முன்னால் ஒரு பெண். ஒரு வாடகை சொன்னாள். நான் பர்சைத் திறப்பதற்குள் திரையில் வேறு தொகை வந்துவிட்டது. "நாங்க மாத்தல மேடம், சிஸ்டமே மாத்துது" என்றாள். கொடுத்துவிட்டுச் சாவி வாங்கினேன். ரூமுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் எதையுமே கேட்கவில்லை. லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்தச் சாயங்காலம் அது யாருக்கும் தெரியாது. பார்க்கலாம்மா என்று மட்டும்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் குட்த்த வாடகைக்கு எத்தன மணி நேரம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"பகல் பன்னெண்டு வரைக்கும் மேடம். அதுக்கு மேல வேணும்னா மணிக் கணக்குல தர்றோம். உங்களுக்கு எவ்ளோ நேரம் வேணும்?"

எனக்குப் பின்னால் பிளாஸ்க்கோடு ஒரு அம்மாள், மருந்துச் சீட்டோடு ஒருவர், வரிசையில் நின்றிருந்தார்கள்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் திரையில் மேலும் கீழும் தேடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதுக்கு ஆப்ஷன் இல்ல மேடம்."